அணுகுண்டுத் தூசி காட்டும் ஆற்று மண்

மழைநீரைச் சேமிப்பது பற்றி இவ்விதழில் நாம் பலமுறை எழுதியிருக்கிறோம். அணைகளில் நீர் நிற்கும் இடத்தை வண்டல் அடைத்துக்கொள்வது பற்றி இம்முறை பார்ப்போம்.

மொராக்கோவில் இது பெரிய கவலை. கோடையில் காய்ந்து கிடக்கும் மலைச்சரிவுகளில் மழை வந்தால் மொத்தமாகக் கொட்டுகிறது. மேல்மண் கரைந்து ஆற்றோடு போய் அணையில் படிகிறது. மேலே விவசாயியின் நிலம் மெலிகிறது. கீழே நகரத்துக்கும் பாசனத்துக்கும் தண்ணீர் குறைகிறது. போன மண் மறுபடி உருவாகப் பல நூற்றாண்டுகள் ஆகும். ஆகவே எந்தச் சரிவிலிருந்து மண் அதிகம் போகிறது என்று தெரிந்து, இருக்கும் பணத்தை அங்கே செலவிட வேண்டும்.

அதைக் கண்டறிய உதவுவது, வல்லரசுகள் செய்த அநியாயத்தின் மிச்சம். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் அவை திறந்தவெளியில் அணுகுண்டுச் சோதனைகள் நடத்தின. அதில் கிளம்பிய சீசியம்-137 மழையோடு உலகெங்கும் இறங்கியது. களிமண்ணில் ஒட்டினால் அது எளிதில் விடாது. மண் போனால் கூடவே போகும். பல்லாண்டுகளாக உழாத, அரிக்காத சமதரையில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, சரிவோடு ஒப்பிடுவார்கள். சரிவில் குறைந்திருந்தால் மண் போயிருக்கிறது. அடிவாரத்தில் கூடியிருந்தால் படிந்திருக்கிறது. (அஞ்ச வேண்டாம், பெரும்பாலான இடங்களில் இது மிகச் சொற்பம்.)

இதை அளக்கும் கருவி விலை அதிகம், பயிற்சியும் வேண்டும். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் சர்வதேச அணுசக்தி முகமையும் 1964 முதல் இதற்கென்றே போல ஒரு கூட்டுப் பிரிவை நடத்துகின்றன. அதன் பணிகளில் மண்ணும் நீரும் ஒரு பகுதி. வியன்னாவுக்கு அருகே சைபர்ஸ்டார்ஃப் ஆய்வுக்கூடத்தில் பல நாட்டவர் பயில்கிறார்கள். எல்லோரும் ஒரே முறையில் அளந்தால்தான் ஒரே ஆற்றைப் பகிரும் இரு நாடுகளின் கணக்கு ஒத்துவரும்.

மொராக்கோ ஆய்வாளர்கள் இந்த உதவியோடு தங்கள் சரிவுகளை அளந்தார்கள். பழமரம் நடுவது, தானியத்தைப் பட்டை பட்டையாக விதைப்பது, உழாமல் விதைப்பது ஆகியவை மண்ணைக் காப்பதைக் கண்டார்கள்.

சீசியத்தின் அளவு 30 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிறது. 1963இல் இறங்கியதில் இன்று கால்பங்குகூட இல்லை. ஐரோப்பாவிலோ 1986 செர்னோபில் விபத்து புதிய சீசியத்தை ஒழுங்கின்றிக் கொட்டிக் கணக்கைக் குழப்பிவிட்டது. ஆகவே அங்கே ஆய்வாளர்கள் அதே சோதனைகளின் மிச்சமான புளூட்டோனியத்தை அளக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அது குறைய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.