தட்டை வண்டு எந்தக் குடும்பம்?

வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் பட்டுப்போன மரத்தின் பட்டையை உரித்தால், சில மில்லிமீட்டரே நீளமுள்ள பழுப்பு வண்டு ஒன்று ஓடி ஒளியலாம். மூடுசிறகு ஒவ்வொன்றிலும் ஒரு வெளிர்ப்புள்ளி. பெயர் மட்டும் நீளம்: லெமோஃபிளோயஸ் பைகட்டேட்டஸ். 1827இல் இதை விவரித்தவர் அமெரிக்கப் பூச்சியியலாளர் தாமஸ் சே.

ஏன் இவ்வளவு தட்டை? பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள சந்தில் அப்பளம் போன்ற உடல்தான் நுழையும். சிக்கலும் அங்கேதான். அந்தச் சந்தில் குடியேறிய வேறு வண்டுக் கூட்டங்களும் தட்டையாகிவிட்டன. அந்தக்கால ஆய்வாளர்கள் தோற்றத்தை நம்பி எல்லாவற்றையும் குக்குஜிடே என்ற ஒரே குடும்பத்தில் அடைத்தார்கள். பிற்பாடுதான் சில்வானிடே, பசாண்ட்ரிடே, லெமோஃபிளோயிடே எல்லாம் தனிக்குடித்தனம் போயின.

எப்படிப் பிரித்தறிவது? உருப்பெருக்கியின் கீழ் முன்மார்பைப் பார்க்க வேண்டும். இரு ஓரங்களையும் ஒட்டி மெல்லிய கோடு நெடுக ஓடினால், பெரும்பாலும் லெமோஃபிளோயிடே.

இனத்தை உறுதிசெய்வது இன்னும் கடினம். புள்ளிகளை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். இதே பேரினத்தில் புள்ளியுள்ள வேறு இனங்களும் உண்டு. ஐயம் தீராதபோது, ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணூசியால் பிரித்தெடுத்து நுண்ணோக்கியில் ஒப்பிடுகிறார்கள்.