கார் பாலிஷ்: மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி பெயிண்ட்டைப் புரிஞ்சுக்கோங்க

நம்ம முசரவாக்கம் பக்கம் போர் தண்ணில காரைக் கழுவி, வெயில்ல அப்படியே காய விட்டா வெள்ளை வெள்ளையா புள்ளி விழும். அழுக்குத் துணியால துடைச்சா சிலந்தி வலை மாதிரி கீறல். உடனே ஆன்லைன்ல பாலிஷிங் மெஷின் தேட ஆரம்பிச்சிடறோம். கொஞ்சம் பொறுங்க.

இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பேக்டரில எல்லாம் தினமும் கார் பாடிக்குப் பெயிண்ட் அடிக்கறாங்க. பொதுவா அந்த மொத்த பெயிண்ட்டும் 100 முதல் 150 மைக்ரான் தான். மேல இருக்கற கிளியர் கோட் சுமார் 40 முதல் 50 மைக்ரான், அதாவது தலைமுடியை விட மெல்லிசு. பாலிஷ்னா கீறலை மறைக்கறது இல்ல. சுத்தி இருக்கற கிளியர் கோட்டைத் தேய்ச்சு சமமாக்கறது. தேய்ஞ்சது திரும்ப வராது. வெயிலோட புற ஊதாக் கதிர்லேர்ந்து கலரைக் காப்பாத்தறதும் அதே லேயர்தான்.

மெஷின்: ரோட்டரி ஒரே அச்சுல சுத்தும். வேகமா வெட்டும், ஆனா ஒரே இடத்துல நின்னா சூடு ஏறி பெயிண்ட் எரிஞ்சிடும். டூயல் ஆக்‌ஷன் மெஷின்ல பேட் சுத்திக்கிட்டே வட்டமா ஆடும். ரொம்ப அழுத்தினா சுத்தறது நின்னுடும். அதுவே ஒரு பாதுகாப்பு. புதுசா கத்துக்கறவங்களுக்கு இதுதான் சரி. பேக்கிங் பிளேட் ஓரத்துல மார்க்கரால ஒரு கோடு போட்டுக்கோங்க, பேட் சுத்துதா நின்னுடுச்சான்னு கண்ணாலயே தெரியும். வீட்ல இருக்கற ஆங்கிள் கிரைண்டர் வேண்டவே வேண்டாம். அதோட வேகம் பல மடங்கு அதிகம்.

பேட்: கம்பளியும் மைக்ரோஃபைபரும் அதிகமா வெட்டும். ஃபோம்ல கட்டிங், பாலிஷிங், ஃபினிஷிங்னு மூணு வகை. கலரைப் பார்த்து வாங்காதீங்க, கம்பெனிக்கு கம்பெனி கலர் மாறும். ஒரே பேடை வச்சு முழு காரையும் முடிக்கவும் முடியாது. தேய்ஞ்ச பெயிண்ட் துகள் பேட்ல அடைச்சு சூட்டை ஏத்தும். அதனால ஒவ்வொரு பகுதி முடிஞ்சதும் பிரஷ்ஷால சுத்தம் பண்ணணும், மாத்த நாலஞ்சு பேடாவது கையில இருக்கணும்.

முறை: நல்லா கழுவி, நிழல்ல, பாடி குளிர்ந்த பிறகு ஆரம்பிங்க. ஓரம், மடிப்பு, பிளாஸ்டிக் எல்லாத்துக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்க, ஓரத்துல பெயிண்ட் இன்னும் மெல்லிசு. முதல்ல இரண்டடிக்கு இரண்டடி இடத்துல மட்டும், மென்மையான பேட், மென்மையான பாலிஷ் வச்சு டெஸ்ட் பண்ணுங்க. போதலைன்னா மட்டும் அடுத்த கடினமான பேடுக்குப் போங்க.

நகம் வச்சு இழுத்தா மாட்டுதா? அந்தக் கீறல் ஆழமானது, விட்டுடுங்க. அதை முழுசா எடுக்கப் போனா கிளியர் கோட் போயிடும், அப்புறம் அந்தப் பேனலையே ரீபெயிண்ட் பண்ணணும். அப்பா இஎம்ஐ கட்டி வாங்குன காருக்கு நாலு மெல்லிசான கீறல் இருந்தா பரவாயில்ல.