வேர்வையோடு போகும் உப்பு! ஓட்டக்காரர்களே, உஷார்!

புதுவை–

கடற்கரைச் சாலை, உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டுத் திடல்... விடிந்தால் போதும், எங்கு பார்த்தாலும் ஓட்டம்தான்! போலீஸ் வேலைக்குத் தயாராகும் வாலிபர்கள், பந்தய வீரர்கள், தொந்தியைக் குறைக்க வந்த வியாபாரிகள் என்று ஒரே கூட்டம்.

ஓடி முடித்த பிறகு பனியனில் வெள்ளைத் திட்டு படிகிறதே, அது என்ன? உப்பு!

மணிக்கு 1 லிட்டர்

கடலோர ஊரில் காற்றே ஈரம். வேர்வை லேசில் காயாது. உடம்புச் சூடும் தணியாது. அதனால் மேலும் மேலும் கொட்டும். கடுமையாக ஓடுபவருக்கு மணிக்கு 1 லிட்டர், சிலருக்கு 2 லிட்டர்கூடப் போகும். லிட்டருக்குச் சுமார் 1 கிராம் சோடியம் காலி. அதாவது அரை டீஸ்பூன் உப்பு. இது ஆளுக்கு ஆள் மாறும்.

தண்ணீரும் ஆளைக் கொல்லும்!

"தண்ணியை மடக் மடக்குன்னு குடிச்சா சரியாப் போச்சு" என்பார்கள். அங்கேதான் ஆபத்து! அளவு மீறினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போகும். மூளை வீங்கும். தலைவலி, வாந்தி, வலிப்பு என்று முற்றி உயிரே போகலாம்.

2002-ல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 28 வயதுப் பெண் இப்படித்தான் பலியானார். அதே பந்தயத்தில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 100-க்கு 13 பேருக்குச் சோடியம் குறைவு!

குடிக்காமல் ஓடுவதும் தப்பு. 2016 ரியோ ஒலிம்பிக் மாரத்தானில் நம் நாட்டு ஜெய்ஷா எல்லைக் கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். இந்திய முகாமில் குடிக்க எதுவும் வைக்கவில்லை என்றார். தடகள சம்மேளனம் மறுத்தது.

மோர் போதுமே!

அதற்காக உப்பை அள்ளிக் கொட்டலாமா? கூடாது. நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று நாம் சுலபமாக அதைத் தாண்டி விடுகிறோம். அரை மணி ஓட்டத்துக்கு வெறும் தண்ணீரே போதும். ஒரு மணிக்கு மேல் வேர்த்துக் கொட்ட ஓடுபவர்களுக்கு உப்புப் போட்ட மோர், கஞ்சி, எலுமிச்சை ஜூஸ் நல்லது. இளநீரில் சோடியம் கம்மி. ஒரு சிட்டிகை உப்பு போடலாம். ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் உப்பைத் தொடக்கூடாது.

எடை மிஷின் சொல்லும்

ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். 1 கிலோ குறைந்தால், குடித்தது போக 1 லிட்டர் பாக்கி. எடை கூடியிருந்தால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம்!

ஓடியவர் பேச்சுக் குழறித் தடுமாறினால் வாயில் தண்ணீரை ஊற்றாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.