காக்கட்டீலுக்குத் துணை வேண்டுமா?

சாம்பல் நிற உடல், தலையில் மஞ்சள் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. இப்படி ஒரு பறவை உங்களில் சிலருடைய வீட்டுக் கூண்டில் இருக்கலாம். பறவைக் கடைகளில் இதைக் ‘காக்டெயில்’ என்பார்கள். சரியான பெயர் காக்கட்டீல். ‘ஒன்று போதுமா, இன்னொன்றும் வாங்க வேண்டுமா?’ என்ற கேள்வி இதை வளர்ப்பவர்களுக்கு என்றாவது ஒரு நாள் எழும். பௌதிக ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இந்தக் கேள்வியையும் அளந்து பார்த்தே தீர்க்கலாம்.

முதலில் பறவையின் ஊரைப் பார்ப்போம். காக்கட்டீல் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதிக்கு உரியது. காக்கட்டூக் குடும்பத்தில் மிகச் சிறியது இதுதான். வாலோடு சேர்த்து ஏறக்குறைய 30 செ.மீ. நீளம், எடை சுமார் 90 கிராம். நீரையும் புல் விதைகளையும் தேடிக் கூட்டமாக இடம் மாறிக்கொண்டே இருக்கும். தரையில் மேயும்போது பருந்து வருகிறதா என்று பார்க்கக் கூட்டத்தில் பல கண்கள் உண்டு. தனிப் பறவைக்கு இரண்டே கண்கள். ஆகவே அதற்குத் தனிமை என்றால் ஆபத்து. இன்று நம் கடைகளில் விற்பவை கூண்டிலேயே பிறந்தவை. ஆனாலும் இந்த இயல்பு அவற்றை விட்டுப் போகவில்லை.

நீங்கள் அறையை விட்டு வெளியேறியதும் அது கத்துகிறது அல்லவா? அது அடம் அன்று. கூட்டத்தில் ஒன்றையொன்று காணாதபோது எழுப்பும் அழைப்புக் குரல் அது. மரம் ஒளியைத் தடுத்துவிடும். ஒலியோ வளைந்து மறுபக்கமும் போகும். கண்ணுக்குத் தெரியாத தோழனைக் குரலால் தேடுவது எவ்வளவு பொருத்தமான ஏற்பாடு, பாருங்கள்! அந்த அழைப்புக்குப் பதில் கிடைக்க வேண்டும். நாள் முழுவதும் பதிலே வராத வீட்டை எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு செய்தி. காக்கட்டீல் தன் உடல் இறகுகளை அலகால் கோதிக்கொள்ளும். ஆனால் தன் தலையைத் தன் அலகால் தொட முடியுமா? முடியாது. புதிய இறகு ஒவ்வொன்றும் மெல்லிய உறைக்குள் முளைக்கிறது. தலையில் உள்ள அந்த உறைகளைப் பொடித்து எடுக்கக் காலால் சொறிவது போதாது; மற்றொரு பறவையின் அலகு வேண்டும், அல்லது உங்கள் விரல் வேண்டும். அது தலையைக் குனிந்து உங்கள் முன் நிற்பது இதற்காகத்தான்.

கூண்டில் கண்ணாடி வைத்தால் போதாதா என்பர் சிலர். சமதள ஆடியின் பிம்பத்தைப் பற்றி நீங்கள் படித்திருக்கிறீர்கள். பறவை அசைந்தால் அது அசையும். ஆனால் அழைத்தால் பதில் குரல் தராது, தலையைக் கோதாது. சில பறவைகள் அதற்கு இரையைக் கக்கி ஊட்டக்கூட முயலும். பரிதாபம்தான்.

2014ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவில் வியன்னா விஞ்ஞானிகள் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகளை ஆராய்ந்தார்கள். குரோமோசோம்களின் முனைகளில் டெலோமியர் என்ற பகுதி உண்டு; வயது ஏற ஏற அது குறுகும். தனியாக வளர்ந்த கிளிகளுக்கு, அதே வயதில் இணையோடு வளர்ந்தவற்றைவிட, அது குறுகியிருந்தது. இது வேறு இனக் கிளி; காக்கட்டீலுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. என்றாலும் தனிமை ஒரு கிளியின் உடலையே தொடக்கூடும் என்பது விளங்குகிறது. சுவிட்சர்லாந்தில் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி, கூடி வாழும் பிராணிகளைத் தன் இனத் துணையின்றி வளர்க்கலாகாது.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. ஒரு நாளில் 24 மணி. பறவையின் உறக்கம் 11 மணி என்று கொள்வோம், மீதி 13. பள்ளிக்குப் போய்த் திரும்ப 9 மணி ஆனால் எஞ்சுவது 4. அதில் வீட்டுப்பாடம், விளையாட்டு, டியூஷன்! பறவைக்கு எத்தனை நிமிடம்? ஊகிக்க வேண்டாம், ஒரு வாரம் நோட்டில் குறியுங்கள். பாட்டி அதே அறையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டு அவ்வப்போது பேச்சுக் கொடுத்தால், அதையும் சேர்க்கலாம். பகலில் பெரும்பாலும் யாராவது உடனிருக்கும் வீட்டில் ஒற்றைப் பறவை நன்றாகவே வாழும். வீடு பூட்டிக் கிடந்தால் இரண்டு வேண்டும் என்பதே என் கருத்து. ஜோடி சேர்ந்தால் நம்மிடம் ஒட்டாது என்று தயங்குவார்கள். ஓரளவு உண்மைதான், ஆனால் பறவையின் தேவையை அல்லவா இங்கே பார்க்கிறோம்!

இறகைப் பிடுங்கிக்கொள்ளும் பறவைக்கு உடனே துணை தேடாதீர்கள். அது நோயாகவும் இருக்கலாம்; கால்நடை மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள். புதிய பறவையை வேறு அறையில் குறைந்தது 30 நாள் வைத்திருங்கள். கிளிக் காய்ச்சல் என்ற நோய் மனிதருக்கும் தொற்றும். பிறகு கூண்டுகளை அருகருகே வையுங்கள். சண்டை இல்லை என்று தெரிந்த பின்பே ஒன்றாக விடுங்கள். அப்போதும் தீனிக் கிண்ணங்கள் இரண்டு இருக்கட்டும். ஆணும் பெண்ணுமானால் முட்டைகள் வரும். அடிக்கடி முட்டையிட்டால் பெண்ணின் உடலில் கால்சியம் குறைந்துபோகும். குஞ்சுப் பருவத்தில் ஆண், பெண் எல்லாம் ஒரே தோற்றம். ஆகவே கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். லவ் பேர்ட்ஸைத் துணைக்கு விடாதீர்கள், கால் விரலைக் கடித்துவிடும். பச்சைக்கிளியும் கூடாது, நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

காக்கட்டீல் 15 முதல் 20 ஆண்டு வரை வாழக்கூடியது. உங்களுக்கு இப்போது 14 வயது என்றால், கூட்டிப் பாருங்கள்! நீங்கள் கல்லூரி விடுதிக்குப் போன பின் அழைப்புக் குரலுக்குப் பதில் சொல்லப் போவது அநேகமாக உங்கள் அம்மாதான். ஆகையால் அந்த நோட்டில் அவருடைய நேரத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்கி, கணக்கை அவருடன் உட்கார்ந்து போடுங்கள்.