ஒற்றைக் கோட்டை நம்பலாமா?

விரல் நுனியில் ஒரு குத்து, சோதனைப் பட்டையில் ஒரு துளி ரத்தம், அதன்மேல் சில சொட்டுக் கரைசல். கால் மணி நேரத்தில் இரண்டு கோடுகள் தெரிந்தால் மலேரியா. ஒற்றைக் கோடு என்றால் மலேரியா இல்லை. நுண்ணோக்கி எட்டாத ஆப்பிரிக்கக் கிராமங்களில் காய்ச்சலோடு வரும் குழந்தைக்கு மருந்து கொடுப்பதா வேண்டாமா என்பதை இந்தப் பட்டைதான் சொல்கிறது. 2023இல் உலகில் மலேரியாவால் இறந்தவர்கள் சுமார் 5,97,000 பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்தவர்கள், பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாதவர்கள். இவ்வளவு சாவு விழும் இடத்தில், இருக்கிற பணத்தை மருந்துக்கும் கொசுவலைக்கும் கொடுக்காமல் கண்காணிப்புக்கும் ஆய்வுக்கும் ஏன் பிரிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த மருந்து உரிய குழந்தைக்குப் போய்ச் சேர்வதே கண்காணிப்பால்தான் என்பதை எரித்ரியா காட்டியது.

அங்கே நுண்ணோக்கியில் கிருமி தெளிவாகத் தெரிந்த சிலருக்குப் பட்டையில் ஒற்றைக் கோடே வந்தது. பட்டை வெயிலில் கெட்டுப்போயிருக்கும் என்று தள்ளிவிடுவது சுலபம். அப்படித் தள்ளாமல், 2016இல் கிண்டா, மசாவா மருத்துவமனைகளில் 50 நோயாளிகளின் ரத்தத்தை மரபணு வரை போய்ச் சோதித்தார்கள். அந்தப் பட்டை தேடுவது பால்சிபாரம் என்ற மலேரியாக் கிருமி சுரக்கும் ஹெச்.ஆர்.பி.2 என்ற புரதத்தை. 31 பேரின் கிருமியில் அந்தப் புரதத்துக்கான மரபணுவே இல்லை! பட்டையில் பழுது எதுவும் இல்லை. அது தேடிய பொருள்தான் அங்கே இல்லை. இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பட்டையில் அகப்படும் கிருமி மருந்தில் சாகிறது, அகப்படாதது கொசுவோடு அடுத்த வீட்டுக்குப் போகிறது. அப்படியானால் பட்டையை நம்பி மருந்து கொடுக்கக் கொடுக்க, தப்பிக்கும் வகைதான் பெருகும். எரித்ரியா வேறு புரதத்தைத் தேடும் பட்டைக்கு மாறியது. ஐம்பது பேரை வைத்து முடிவு கட்டலாமா என்றால், கூடாதுதான். அதனால்தான் மற்ற நாடுகளிலும் தேடினார்கள். எத்தியோப்பியாவிலும் ஜிபூட்டியிலும் அதே வகை கிடைத்தது.

ஜிபூட்டிக்கு வேறொரு சோதனையும் வந்தது. 2012இல் அங்கே பதிவான மலேரியா நோயாளிகள் 27 பேர். அந்த ஆண்டுதான் அனாபிலஸ் ஸ்டீபன்சி கொசு அந்நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. சென்னையில் மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் வளர்ந்து நகர மலேரியாவைப் பரப்பிய அதே கொசு. 2020இல் அங்கே நோயாளிகள் 73,535. ஆப்பிரிக்கா பெரும்பாலும் கிராமத்து மலேரியாவைத்தான் அறிந்திருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குள் முட்டையிடும் மலேரியாக் கொசுவைத் தேடும் பழக்கம் அங்கே அவ்வளவாக இல்லை. அப்படித் தேடுவதும் கண்காணிப்புதான்.

கண்காணிப்பை எதிர்ப்பவர்கள் சொல்வதில் எனக்குக் கனமாகப் படுவது ஒன்றுதான்: எழுதும் வேலை முழுவதும், ஏற்கெனவே நோயாளிகளால் திணறும் செவிலியர் தலையில்தான் விழுகிறது. உண்மை. அவர் பதிவேட்டில் எழுதியது தலைநகருக்குப் போகிறது, பதிலாக எதுவும் திரும்பி வருவதில்லை என்றால் அவர் ஏன் கவனமாக எழுத வேண்டும்? குறையை இங்கேதான் திருத்த வேண்டும், கணக்கை நிறுத்தி அல்ல. ஒற்றைக் கோடு வந்தும் காய்ச்சல் இறங்காத குழந்தையைப் பற்றி அவர் எழுதிய வரியை மாவட்டத்தில் ஒருவர் அந்த வாரமே படித்து, ரத்த மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவை அவருக்கே தெரிவிக்க வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் பணம் ஒதுக்கச் சொல்கிறேன்.