பச்சிளங்குழந்தைகளுக்கான குளிர்விப்புச் சிகிச்சை: பயனும் எல்லையும்

சுளுக்கு வீக்கத்திற்குப் பனிக்கட்டி ஒத்தடமும், மருக்களை நீக்கத் திரவ நைட்ரஜனும் பயன்படுதல் பலரும் அறிந்ததே. குளிர்வழிச் சிகிச்சைகளுள் ஆழ்ந்து நோக்கத்தக்கது, பிறப்பின்போது மூச்சுத்திணறலுக்கு உள்ளான குழந்தைகளுக்கு அளிக்கப்பெறும் உடல் குளிர்விப்பாகும்.

ஆக்சிஜன் குறைவால் மூளை உயிரணுக்கள் அனைத்தும் உடனே அழிந்துவிடுவதில்லை. குருதியோட்டம் மீண்டு சில மணிநேரம் கழிந்த பின்னரே இரண்டாம் கட்டச் சிதைவு தொடங்குகிறது. இவ்விடைவெளியே மருத்துவத்திற்குக் கிடைக்கும் வாய்ப்பு. பிறந்த 6 மணிநேரத்திற்குள் தொடங்கி, உடல் வெப்பநிலையை ஏறத்தாழ 33.5 பாகை செல்சியஸில் 72 மணிநேரம் நிலைநிறுத்தினால், வளர்சிதைமாற்றம் தணிந்து அச்சிதைவு மட்டுப்படுகிறது. இதனால் இறப்பும் ஊனமும் குறைவதைச் செல்வ நாடுகளின் ஆய்வுகள் நிறுவியுள்ளன.

ஆயின், இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளில் 408 குழந்தைகளிடம் நிகழ்த்தப்பெற்று 2021இல் வெளியான ஹீலிக்ஸ் ஆய்வின் முடிவு வேறு. குளிர்விக்கப்பட்டோருள் 42 விழுக்காட்டினர் இறந்தனர். ஏனையோருள் இறந்தோர் 31 விழுக்காட்டினரே. வசதிக் குறைவைக் காரணமாகக் காட்டுதல் எளிது. ஆனால், ஆய்வு நிகழ்ந்தவை தீவிர சிகிச்சைப் பிரிவுகள் கொண்ட பெரிய மருத்துவமனைகள். இக்குழந்தைகள் பலருக்கு மூளைப் பாதிப்பு பிறப்பிற்கு முன்பே நெடுநேரம் நீடித்து, 6 மணிநேர வாய்ப்பு பிறக்கும்போதே கடந்துபோயிருக்கலாம் என்னும் விளக்கமே பொருத்தமுடையதாகத் தோன்றுகிறது. தீவிர சிகிச்சை வசதி இருப்பினும், குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் இச்சிகிச்சையை அளித்தல் கூடாது என்றே அவ்வாய்வாளர்கள் பரிந்துரைத்தனர்.