தோளில் ஒரு துளை, தாளில் ஒரு குறியீடு

மாத்தளையில் மிளகு பறிக்கும் காலம். ஏணியில் நின்று கொடியை இழுக்கும் ஒருவருக்குக் கால் வழுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே சாய்வாக வெட்டிவிட்ட கிளிசிரிடியாக் கட்டை ஒன்று நிற்கிறது. அதன் கூர் வலது தோளில் இறங்கிவிடுகிறது. சட்டையை விலக்கிப் பார்த்தால் ஒரு மிளகு மணி நுழையும் அளவுக்குத்தான் துளை. இரத்தமும் அதிகமில்லை. மஞ்சள் வைத்துக் கட்டினால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். குத்துக்காயம் ஏமாற்றுவது இப்படித்தான். அதற்கு அகலத்தைவிட ஆழம் அதிகம்.

அந்தத் துளைக்கு அடியில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். கை முழுவதற்கும் இரத்தம் கொண்டுபோகும் தமனி அக்குள் வழியாக ஓடுகிறது. கையைப் பக்கவாட்டில் தூக்க உதவும் தசையை இயக்கும் நரம்பு, மேற்கை எலும்பின் கழுத்தைச் சுற்றி வளைந்து செல்கிறது. நுரையீரலின் நுனியோ காறை எலும்பின் உட்பகுதிக்கு மேலே இரண்டு மூன்று சென்ரிமீற்றர் வரை எழும்பி நிற்கிறது! கூர் கழுத்தடிப் பக்கமாகச் சாய்ந்து இறங்கியிருந்தால் மார்பறைக்குள் காற்றுப் புகுந்துவிடலாம்.

ஆகவே ஆஸ்பத்திரி விடுதியில் கட்டிலோடு இருக்கும் ‘பெட் ஹெட் டிக்கட்’டில் டொக்டர் எழுதுவது காயத்தின் நீள அகலத்தை மட்டுமல்ல. மணிக்கட்டில் நாடி தெளிவாக இருக்கிறது. தோளின் வெளிப்புறத்தைத் தொட்டால் உணர்வு தெரிகிறது. இருபக்கமும் மூச்சொலி சமமாகக் கேட்கிறது. எல்லாம் சரி என்று சொல்லும் இந்த வரிகள் ஒவ்வொன்றும், ஓர் ஆபத்தைத் தேடிப் பார்த்து விலக்கியதற்கான சான்று. மரச்சிராய் உள்ளே தங்கியிருந்தால் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. அல்ட்ராசவுண்டில்தான் அது அகப்படும். மண்ணில் வாழும் ஏற்புவலிக் கிருமிக்குக் காற்றில்லாத ஒடுங்கிய ஆழம் மிகவும் பிடித்தமான இடம். நோய் தலைகாட்டப் பொதுவாக 3 முதல் 21 நாட்கள் ஆகும். அதனால் கடைசியாக ஏற்பு ஊசி போட்டது எப்போது என்பதும் டிக்கட்டில் ஏறுகிறது.

நோயாளி வீடு திரும்பியதும் அந்த டிக்கட் மருத்துவப் பதிவறைக்குப் போகிறது. பக்கம் பக்கமாக இருக்கும் கையெழுத்து அங்கே ஒரு சிறு குறியீடாகச் சுருங்குகிறது: எஸ் 41.0. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐ.சி.டி-யின் பத்தாம் பதிப்பில் தோளின் திறந்த காயத்துக்கு அதுதான் எண்.

இந்த எண்ணைப் பிரித்துப் பார்ப்பதில் ஒரு தனி இன்பம் இருக்கிறது. ‘எஸ்’ என்றால் உடலின் ஒரு பகுதியில் பட்ட காயம். முதல் இலக்கம் இடத்தைச் சொல்கிறது: தலைக்கு 0, கழுத்துக்கு 1, மார்புக்கு 2, அப்படியே இறங்கித் தோளுக்கும் மேற்கைக்கும் 4, கணுக்காலுக்கும் பாதத்துக்கும் 9. இரண்டாவது இலக்கம் காயத்தின் தன்மை: மேலோட்டமான சிராய்ப்பு 0, திறந்த காயம் 1, எலும்பு முறிவு 2, மூட்டு விலகல் 3, நரம்பு 4, இரத்தக்குழாய் 5. இனி நீங்களே சொல்லிவிடலாம்: தோள் எலும்பு முறிந்தால் எஸ் 42, தோளின் இரத்தக்குழாய் அறுந்தால் எஸ் 45. மணிக்கட்டுக்கும் கைக்கும் 6 என்று தெரிந்தால், கையில் வெட்டுப்பட்டவருக்கு எஸ் 61. பாரிஸ் நகரப் புள்ளியியலாளர் ஜாக் பெர்த்தியோன் 1893-இல் சிக்காகோவில் முன்வைத்த மரணக் காரணப் பட்டியல்தான் இதற்கு மூதாதை. அதன் மிக விரிவான வடிவத்திலேயே 161 தலைப்புகள்தான் இருந்தன. பத்தாம் பதிப்பில் ஏறத்தாழ 14,000.

என்னை அதிகம் கவர்வது இரண்டாவது குறியீடு. காயம் எப்படி வந்தது என்று சொல்லும் புறக்காரணக் குறியீடு அது. நம் மிளகுக்காரருக்கு டபிள்யூ 11.72. ஏணியிலிருந்து விழுதல் 11, தோட்டம் அல்லது பண்ணை 7, சம்பாத்தியத்துக்கான வேலை 2. ஒரு விபத்தின் கதை முழுவதும் நான்கு இலக்கங்களில்! அதே அளவுத் துளையைக் கத்தி போட்டிருந்தால், தவறிப் பட்டதற்கு டபிள்யூ 26, தானே குத்திக்கொண்டதற்கு எக்ஸ் 78, பிறர் குத்தியதற்கு எக்ஸ் 99, எதுவென்று தீர்மானிக்க முடியாதபோது ஒய் 28. காயம் ஒன்றேதான், அதன் பின்னால் இருந்த மனித நோக்கத்தையும் பட்டியல் பிரித்துக் கேட்கிறது. சிகிரியாவில் குளவி கொட்டினாலும் தோளில் துளைதான். ஆனால் அங்கே ஆபத்து துளையில் இல்லை, விஷத்தில். எனவே அது எஸ் வரிசையை விட்டு வெளியேறி, டி 63.4 என்று நஞ்சுகளோடு சேர்ந்துகொள்கிறது.

இந்தப் பட்டியலுக்குக் கண் தெரியாத இடங்களும் உண்டு. எஸ் 41.0-இல் குத்து, வெட்டு, கடி எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. வலமா இடமா என்பதும் இல்லை. நாய்க்குத் தனி எண், எலிக்குத் தனி எண். யானையும் பசுவும் மட்டும் டபிள்யூ 55 என்ற ஒரே தொழுவத்தில்! தம்புள்ளைப் பக்கத்திலும் லக்கலையிலும் யானைக்கு அஞ்சி இரவைக் கழிப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய குறை. அமெரிக்கா 2015 ஒக்டோபர் முதல் பயன்படுத்தும் விரிந்த வடிவத்தில் ஏறத்தாழ 70,000 குறியீடுகள் உள்ளன. அங்கே நம் துளைக்கு எஸ் 41.031ஏ: அந்நியப்பொருள் தங்காத குத்துக்காயம், வலது தோள், முதற்கட்டச் சிகிச்சை. சிராய் உள்ளே தங்கியிருந்தால் 41.041ஏ. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் பதிப்பு வேறு வழி எடுத்திருக்கிறது. எண்களைப் பெருக்கிக்கொண்டே போகாமல், மூலக் குறியீட்டோடு ‘வலது’, ‘இடது’ போன்ற நீட்டிப்புக் குறியீடுகளைக் கோத்துக்கொள்ளச் சொல்கிறது.

இலங்கையின் அரச ஆஸ்பத்திரிகளில் விடுதியில் தங்கிச் சிகிச்சை பெறுவோரின் விபரங்கள் கொழும்பில் சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவில் போய்ச் சேர்கின்றன. நாட்டில் மக்களை அதிகமாக ஆஸ்பத்திரியில் சேர்க்கும் காரணம் காயங்கள்தான் என்பது பல ஆண்டுகளாக இந்தப் பதிவுகளிலிருந்தே தெரியவருகிறது. வெளிநோயாளர் பிரிவில் கட்டுப்போட்டு அனுப்பப்பட்டவரும், தோட்ட மருந்தகத்தோடு திரும்பியவரும் இந்தக் கணக்கில் இல்லை.

டிக்கட்டில் ‘விழுந்தார்’ என்று மட்டும் இருந்தால், பதிவறையில் இருப்பவரால் டபிள்யூ 19, அதாவது விபரம் தெரியாத விழுகை, என்றுதான் போட முடியும். ஏணியும் மிளகுத் தோட்டமும் கூலி வேலையும் அந்த இடத்திலேயே கணக்கிலிருந்து மறைந்துவிடுகின்றன. ‘மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து’ என்று இன்னும் மூன்று சொற்கள் எழுதியிருந்தால் டபிள்யூ 11.72 கிடைத்திருக்கும்.